கீழ் வீட்டு சாருக்கு நான் சொன்ன ஆப்

எங்கள் அடுக்ககத்தில் யார் புது போன் வாங்கினாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குத் தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் வருகிறேன். காவிரிப் பாலத்தில் வண்டி நகராமல் நிற்கும் நேரங்களில் போனை நோண்டிப் பழகியதுதான் என் படிப்பு. எந்த ஆப் உருப்படியானது, எது விளம்பரமாகக் காட்டி உயிரை எடுக்கும் என்று ஓரளவு கணிக்க வந்துவிட்டது.

எனக்கென்று ஒரு விதியும் வைத்திருந்தேன். ஆப் இலவசமாக இருக்க வேண்டும். காசு கேட்டாலும் இரண்டு காபி விலையைத் தாண்டக் கூடாது. மாதாமாதம் பிடித்துக்கொள்கிற சந்தா கூடவே கூடாது. அந்த விதிக்குள் அடங்கியதை யார் கேட்டாலும் சொல்வேன். மூன்றாம் மாடியில் பாட்டு கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு ஒரு தம்பூரா ஆப் போட்டுக் கொடுத்தேன். வாட்ச்மேனுக்கு நெட் இல்லாமலே ஆடக்கூடிய கேரம். கொள்ளிடக் கரைக்கு நடக்கப் போகும் இரண்டு பெண்களுக்குப் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப். அவர்கள் அதில் ஆட்டோ ஹாரனைப் பிடித்துக் கொடுத்து, என்ன பெயர் வருகிறது பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே வந்து காட்டினார்கள். எதிர் வீட்டுக்காரருக்கு மாத்திரை நேரத்துக்கு மணியடிக்கும் ஆப். அவர் மணியை மட்டும் அணைத்துவிட்டு மாத்திரையை மறந்துவிடுவதாக அவர் மனைவி என்னிடம் புகார் சொன்னார். எல்லாம் சின்னச் சின்ன உதவிதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தரைத் தளத்தில் ஒரு தம்பதி இருந்தார்கள். நான் அவர்களை சார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சார் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடிக்கும் ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டதால், பிறகு இங்கே வீடு வாங்கி வந்துவிட்டார்கள்.

சாருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது. மகன் வாங்கிக் கொடுத்த காது மிஷின் பெட்டியோடு அலமாரியில் கிடந்தது. அதைப் போட்டால் மிக்ஸி சத்தம் மண்டைக்குள் ஓடுகிறது, மனிதர் பேசுவது மட்டும் கேட்பதில்லை என்பார். அதனால் யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், "பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவரோடு பேச்சு.

அக்காவோ நன்றாகப் பேசுகிறவர். உறையூரில் பெரிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேச ஆள் இல்லாததால் சமையலறையில் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். குழாய்கள் போகும் சந்து வழியாக அந்தக் குரல் என் சமையலறைக்கு வரும். வார்த்தைகள் பிடிபடாது. யாருடனோ போனில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை சார் மேலே வந்தார். போனில் செய்தி படிக்க எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். செய்து கொடுத்தேன். அப்போதுதான் அந்த ஆப் ஞாபகம் வந்தது. எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு அப்படியே தமிழில் எழுதிக் காட்டும், பெரிய பெரிய எழுத்தில். இலவசம். அவர் போனில் ஏற்றி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டேன். திரையில் 'சார் சாப்டீங்களா' என்று எழுத்து வந்தது.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "சாப்பிட்டேன் டீச்சர். உப்புமா" என்றார்.

கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது என்றார். எல்லோரும் இரண்டு தடவை கேட்பார்களாம். மூன்றாவது தடவை, "ஒன்னுமில்ல, விடுங்க" என்று சொல்லிவிடுவார்களாம். அந்த 'ஒன்னுமில்ல'யை மட்டும் உதட்டசைவிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த பதினைந்து நாள் சாரைப் பிடிக்க முடியவில்லை. போனைக் கையில் பிடித்தபடி எல்லோரிடமும் பேசினார். பேங்க்குக்குத் தனியாகப் போய் வந்தார். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினார். கீரை விற்கும் அம்மா கூவியதை அது 'கிரேன்' என்று எழுத, அதை வீடு வீடாகக் காட்டி, அவங்க கிரேன் விக்க ஆரம்பிச்சிட்டாங்க என்று சொன்னார். அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் அந்தப் போன் பக்கமே போகவில்லை. இத்தனை வருஷமாகக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, இனிமேல் மெதுவாகப் பேச வராது என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் சார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. சாப்பாட்டு மேசையில் போனை வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சமையலறையில் அக்கா பேசியதையெல்லாம் அது எழுதி வைத்துவிட்டது. அதைத்தான் என்னிடம் காட்டினார்.

புள்ளி, கமா எதுவும் இல்லாமல் நீளமாக இருந்தது. பாதி புரியவில்லை. நடுவில் இப்படி ஒரு இடம்: 'தங்கச் செயின இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்கட்டுமான்னு கேட்டேன் பார்ப்போம்னு ஒரு வார்த்தை அதோட முடிஞ்சுது ரெண்டு ரூம் இருந்துச்சு இடமா இல்ல செயின் போயே போச்சு.'

அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு செயின்தான், அது கழுத்தில் இருக்கிறது, வேறு எந்தச் செயினைத் தான் தொலைத்தோம் என்று தெரியவில்லை என்றார் சார். இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தார். சின்ன வயதிலேயே நோய் வந்து, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனார். காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது அக்காவே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் சாரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன் எதையோ தப்பாக எழுதியிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தேன்.

அவர் தலையாட்டினார். "எதுவா இருந்தாலும் இருக்கட்டும் டீச்சர். இத்தன வருஷமா மனசுல வெச்சிருக்கா பாருங்க. நாளைக்குப் பெரிய கடை வீதிக்குப் போயி ஒரு செயின் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மறுநாள் இவர் நகைப் பெட்டியைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டுவதை நினைக்கவே முடியவில்லை. போனை வாங்கி, அது செயின் இல்லை, தங்கச்சி என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். இந்தத் தடவை போன் சரியாக எழுதியது.

சார் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரையை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "இங்க கூட்டிட்டு வரட்டுமான்னு எங்கிட்ட கேட்டாளா?" என்றார்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. மைத்துனி படுத்திருந்த அந்த வருஷமே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் ஷெட்டிலிருந்து மாற்றி ஏதாவது கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். வீட்டில் சொன்னால் எப்படியோ வெளியே போய்விடும் என்று அக்காவிடமும் மறைத்திருக்கிறார். "காது கேக்காதவன் கைவசம் ஒரு பதில் வெச்சிருக்கணும் டீச்சர். பார்ப்போம்னு சொன்னா எல்லாக் கேள்விக்கும் பொருந்தும்" என்றார். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே போனார்.

திங்கட்கிழமை காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அக்கா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சார் எல்லாவற்றையும் சொல்லி அழுதாராம். அதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் கோபம்தான் இருந்தது.

"அவருக்குக் கேக்காதுன்னுதானே பேசினேன். அவரத் திட்டினேன், எங்க மாமியாரத் திட்டினேன், நம்ம பெருமாளையும் திட்டியிருக்கேன். எனக்குன்னு இருந்தது அந்த ஒரு இடம். நீங்க நல்லதுதான் நெனச்சீங்க, தெரியும். ஆனா என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போங்க என்று அவரே என்னை அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் போனை எடுக்கவே தோன்றவில்லை. எந்த ஆப் போட்டாலும், மைக்கைத் தொடலாமா, கேமராவைத் தொடலாமா என்று அது அனுமதி கேட்கும். கேட்காத ஆப்பை நம்பாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் இன்னொருத்தர் இருக்கிறாரே, அவர் பேச்சும் இதில் விழுமே என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் கீழிருந்து குரலே வரவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தம் வரும், குக்கர் விசில் வரும், அவ்வளவுதான். நீ செய்ததில் தப்பில்லை என்று என் கணவர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சார் ஆப்பை எடுத்துவிட்டாரா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே போனில் கூப்பிட்டு, கொஞ்சம் கீழே வர முடியுமா என்றார். போனேன். சாப்பாட்டு மேசையில் சார் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். போன் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எப்படி ஆரம்பிப்பது, எப்படி நிறுத்துவது என்று தனக்குச் சொல்லித் தர வேண்டும் என்றார் அக்கா. சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை தானே நிறுத்தி, தானே ஆரம்பித்துப் பார்த்தார். எழுதியதை அழிப்பது எப்படி என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் எழுந்தபோது, இருங்க, தப்பா எழுதினா நீங்கதான் திருத்தணும் என்று உட்கார வைத்துவிட்டார்.

பிறகு போனை சாருக்கு முன்னால் நிமிர்த்தி வைத்துப் பேசத் தொடங்கினார். தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, குவார்ட்டர்ஸ் வீட்டில் பின்பக்க அறையை அவளுக்காக ஒழித்து வைத்தது, ஷிஃப்ட் முடிந்து சார் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டது, அவர் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். போன் அங்கங்கே உளறியது. உளறிய இடங்களை ஒரு காகிதத்தில் எழுதி சார் பக்கம் தள்ளினேன். அவர் விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்.

முடித்ததும் சார், "ரெண்டாவது தடவ ஏன் கேக்கல?" என்றார்.

"ஒரு தடவ கேட்டுக் கிடைக்கலன்னா மறுபடி கேக்கற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. நீங்க காது கேக்கலன்னு ஏன் சொல்லல?"

திரையில் அந்தக் கேள்வி வந்து நின்றது. சார் அதைப் படித்துவிட்டு, "பயந்துட்டேன். தப்புதான்" என்றார். அக்கா போனை நிறுத்திவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் அக்கா போனைத் தொடவே மாட்டார். சமையலறையில் அவர் இருக்கும்போது அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சார் அதை ஒருநாளும் மீறவில்லை என்று அக்காவே சொன்னார். மெல்ல மெல்லக் குழாய்ச் சந்து வழியாக அவர் குரல் மறுபடி என் வீட்டுக்கு வரத் தொடங்கியது. நான் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

யாராவது ஆப் கேட்டால் இப்போதும் சொல்கிறேன். ஆனால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். இன்னொரு கேரம் ஆப்புக்கு எதற்கு இந்த விசாரணை என்று வாட்ச்மேன் ஒருநாள் கேட்டார்.

இந்தக் கோடை விடுமுறையில் கீழ் வீட்டுக்கு ஒரு பெண் தன் இரண்டு வயதுக் குழந்தையோடு வந்திருந்தாள். இறந்துபோன அந்தத் தங்கையின் மகள். உறையூரில்தான் இருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் பெரியம்மா வீட்டில் ஒருநாள் தங்கியதில்லையாம். சார்தான் தட்டுத் தடுமாறி மெசேஜ் எழுதி அவளை வரச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அவள் பையோடு வந்து நின்ற பிறகுதான் தெரியும்.

அவள் கிளம்புவதாக இருந்த நாளுக்கு முந்தின மாலை, தோசை மாவு கொடுக்கப் போயிருந்தேன். ஹாலில் அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் படித்துச் சிரித்தார். அக்கா சமையலறையில் நின்று மாவுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போன்னு எனக்கே சொல்லணும்போல இருக்கு. அவர் சொல்றாரான்னு பாக்கறேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலை கடைக்குப் போகும்போது பார்த்தேன். குழந்தையின் சட்டைகள் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தன. முந்தின ராத்திரி சாப்பிடும்போதே சார் அவளிடம் சொல்லிவிட்டாராம்.