ஆறாம் வரிசைக் கீறல்

குஸ்டாவ் ரூப்ஸாம் பத்தொன்பது வருடங்களாகப் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது விரிவுரைக் கூடத்தைக் கவனித்துவந்தார். காலையில் தரைப்பலகைக்கு மெழுகு போடுவார், கரும்பலகை துடைப்பார், சன்னல் திறப்பார். மாணவர்களின் முகத்தைவிட அவர்கள் காலணி அவருக்கு நன்றாகத் தெரியும். விரிவுரை பிடித்தால் விரல்முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் காலைத் தரையில் தேய்ப்பார்கள். பேரரசர் காலத்திலும் அப்படித்தான், குடியரசிலும் அப்படித்தான். தேய்த்தது யார் என்று எவரும் கேட்டதில்லை.

1933 மே மாதம் கேட்டார்கள்.

யூதர் என்று முதிய பேராசிரியர் ஒருவரை விலக்கியிருந்தார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் கையை உயர்த்தி வணக்கம் வைத்துத் தொடங்கினார். கூடமே தட்டியது. நடுவே எங்கோ ஒரு தேய்ப்பு. வகுப்பு முடிந்ததும் மாணவர் சங்கத் தலைவன் டெட்லெஃப் க்ரானோல்ட் ஆளுங்கட்சியின் பழுப்புச் சட்டையோடு வந்தான்.

"என்ன ரூப்ஸாம், இத்தனை வருஷம் போட்ட மெழுகுக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு. எந்த இருக்கைக்குக் கீழ கீறல் இருக்குன்னு பார்த்து வைங்க. சாப்பிட்டுட்டு வர்றேன்."

இருக்கை தெரிந்தால் ஆள் தெரியும். பருவத் தொடக்கத்திலேயே அவரவர் பெயர் அட்டையை இருக்கையில் குத்திவிடுவது வழக்கம்.

ரூப்ஸாம் மண்டியிட்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஆறாம் வரிசை, சன்னலோரம். புதிய கீறல்கள் இரண்டு. மேலே அட்டை: அல்முட் ரூப்ஸாம்.

அவருடைய மகள். சில வாரங்களாக வீட்டில் பேச்சைக் குறைத்திருந்தாள். எங்கே போய் வருகிறாள் என்று கேட்டால் பதில் வராது. விலக்கப்பட்ட அந்த முதிய பேராசிரியர் வீட்டுக்குத்தான் போகிறாளோ என்று அவர் சந்தேகப்பட்டிருந்தார். பெயர் வெளியே வந்தால் அவள் படிப்பு அன்றோடு சரி. மெழுகு டப்பாவை எடுத்துவந்து, கீறல் மறையும்படி வரிசை முழுவதும் துடைத்து மெழுகு போட்டார்.

க்ரானோல்ட் வந்து புது மெழுகு வாடையை முகர்ந்து பார்த்தான். மழைச் சேறு இருந்தது, துடைத்தேன் என்றார் ரூப்ஸாம். அவன் சிரித்துவிட்டுப் போனான். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றிக்கொண்டே அல்முட் கேட்டாள். "ஆறாம் வரிசையை ஏம்ப்பா துடைச்சீங்க?"

"உனக்காகத்தாம்மா."

"நான் அங்க உட்காரவே இல்லையே. முன்னால க்ரானோல்ட் பக்கத்துல உட்கார்ந்து தட்டிக்கிட்டிருந்தேன். தேய்ச்ச சத்தம் சன்னல் பக்கம் கேட்டுச்சுன்னு அவர்கிட்ட சொன்னதே நான்தான்."

அந்தக் கீறல்கள் இப்போதுதான் அவர் கண்முன் வந்தன: அகலமான குதிகால், இரும்பு லாடம். ஆண் காலணி. காலணியைப் பார்த்தே ஆளைச் சொல்லக்கூடியவர், அன்றைக்கு அட்டையை மட்டும் பார்த்திருந்தார்.

"அங்க உட்கார்ந்திருந்தது யாருப்பா?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்காகவா மத்தியானத்துல மெழுகு போட்டீங்க?" கரண்டியை அசைக்காமல் அவரையே பார்த்தாள். "க்ரானோல்ட் கேட்கச் சொன்னார்."

தன் வீட்டு மேசையில் முதல் தடவையாக, வாயைத் திறப்பதற்கு முன் ரூப்ஸாம் யோசித்தார்.