நாகலெட்சுமி வெட்டிய கான்

நாகலெட்சுமிக்கு வாய் நீளம் என்பதைத் தோட்டத்தில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. அது வெறும் தகவல். தலவாக்கலைக்கு மேலே இருக்கும் தோட்டப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு அவள் செயலாளரானதே, மைக் வேலை செய்யாத ஒரு கூட்டத்தில்தான்.

முன்பெல்லாம் மழை வாரக்கணக்காகத் தூறிக்கொண்டிருக்கும். இப்போது பங்குனியில், குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் வற்றிப்போகிறது. ஐப்பசியில் ஒரு மாத மழை ஒரே மத்தியானத்தில் கொட்டுகிறது. போன வருடம் அப்படிக் கொட்டியதில் பின்பக்க மேடு சரிந்து முதலாம் வகுப்புக்குள் சேறு புகுந்தது. இன்னொரு தடவை மண் வந்தால் வகுப்பை மூடிப் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று, பார்க்க வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். நாகலெட்சுமியின் கடைக்குட்டி சுலக்ஷனா அந்த வகுப்பில்தான். பஸ் ஏறினால் இரண்டாவது வளைவுக்குள் வாந்தி எடுக்கும் பிள்ளை. தினமும் டவுன் என்றால் படிப்பு அத்தோடு சரி.

பாடசாலையும் சும்மா இருக்கவில்லை. காலநிலை மாற்றம் பற்றிச் சித்திரப் போட்டி வைத்தது. வருடா வருடம் கொடிக்கம்பத்தருகே மரம் நட்டது. போட்டோ அங்கேதான் நன்றாக விழும். ஒரே குழியில் நான்கு கன்றுகள் வீரமரணம் எய்தியிருந்தன.

"மேட்டுல கான் வெட்டுவோம் சேர்," என்றாள் நாகலெட்சுமி, அதிபர் கோபிசங்கரிடம். "தேயில மலையில தண்ணிய எறக்க வெட்டுறோம்ல, அதேதான். சித்திரத்துல தண்ணி எறங்காது."

"வெட்டலாம் அக்கா. சனம் வரவேணுமே," என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான அதிபர்.

"பெரட்டு வச்சா வராம எங்க போவாங்க."

ஞாயிறு காலையில் மைதானத்தில் நின்று, தோட்டத்தில் வேலைக்கு ஆளெடுப்பது போலவே பேர் கூப்பிட்டாள். பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு. சம்பளம் கிடையாது, ஆனாலும் அரைப்பேர் என்றதும் ஆம்பிளைகள் ஓடி வந்தார்கள். தேத்தண்ணி வாளியோடு அதிபர் கடைசியாக வந்தார்.

"சேருக்கும் அரைப்பேர்."

"காசில்லாத வேலைக்கு அரைப்பேரோ?"

"வெக்கத்துக்கு வச்சுக்குங்க."

மத்தியானத்துக்குள் கான் வகுப்பைச் சுற்றி வந்து எல்லைக்கல்லில் நின்றது. கைகள் தாமாகவே நின்றுவிட்டன. கல்லுக்கு அப்பால் இடப்பக்கம் தேயிலை. வலப்பக்கம் நாகலெட்சுமியின் லீக்ஸ் பாத்தி, அதற்குக் கீழே ஓடை. இங்கேயே விட்டால் தண்ணீர் தேங்கித் திரும்பவும் வகுப்புக்குள்தான் பாயும்.

தோட்டத்துக் கங்காணி அழகுமுத்து மம்பட்டியைத் தோளில் போட்டான். "தேயிலைக்குள்ள வெட்டுனா தொர என்னையத்தான் கேப்பாரு."

"நாம போய்க் கேட்டு, அவரு சரின்னு சொல்றதுக்குள்ள மழ வந்துரும்ல?"

"வந்துரும்."

"அப்ப என் பாத்திய வெட்டுங்க."

எல்லோரும் பாத்தியையே பார்த்தார்கள். தீபாவளிக்கு முன் பிடுங்கி விற்க வேண்டிய லீக்ஸ்.

"என்னங்கடா, லீக்ஸுல சாமி தெரியுதா?" என்று அழகுமுத்துவின் மம்பட்டியைப் பறித்து முதல் வரிசையை அவளே வெட்டினாள். வரிசைக்கு ஒருவராக வைதாள்: துரை, மேகம், அந்த இடத்தில் நட்டு வைத்த புருஷன். பிறகு எல்லோரும் இறங்கினார்கள்.

புதன்கிழமை வானம் பிளந்தது. மஞ்சள் தண்ணீர் கானோடு இறங்கி, மிச்சமிருந்த லீக்ஸையும் வாரிக்கொண்டு ஓடையில் விழுந்தது. முதலாம் வகுப்புத் தரை காய்ந்திருந்தது. உள்ளே சுலக்ஷனா தொண்டை கிழிய வாசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலைக்கூட்டத்தில் அதிபர் தியாகம் என்று ஆரம்பித்தார். நாகலெட்சுமி பாடசாலைக் கேட்டருகிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அத விடுங்க சேர். வீட்டுக்கு ஒரு பிடி லீக்ஸ் நாத்து குடுத்தனுப்பச் சொல்லுங்க. இல்லாட்டி கான நானே மூடிருவேன்."

மூடமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பின்னேரத்துக்குள் அவள் வாசலில் நாற்று குவிந்தது. அதில் பாதி முட்டைக்கோஸ் நாற்று. அதற்கும் வைதாள்.