நிறுத்தாத ஒஸ்ரின்

போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆறிய எஞ்சினை ஸ்ரார்ட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும்; சூடாக இருந்தால், நல்ல எஞ்சின் அது இல்லாமலே பிடிக்கும். ஞாயிறுகளில் கொக்குவில் சந்தியில் அவற்றை வரிசையாக விட்டு, எது என்ன விலை போகும் என்று சண்டை பிடிப்போம்.

ஒருவர் மட்டும் தன் ஒஸ்ரின் காரின் எஞ்சினை நிறுத்தவே மாட்டார். புகை படிந்த வெள்ளைச் சட்டை. ஒரு காலைக் காருக்குள் வைத்தபடியே கத்துவார்: “உந்த மொறிஸ் கார் ஆருக்கு வேணும்? நிப்பாட்டிப்போட்டு, பெற்றோல் விடாமல் திருப்பி ஸ்ரார்ட் பண்ணட்டும். பிறகு விலையைக் கதைப்பம்.”

“அண்ணை, முதல் உங்கடையை நிப்பாட்டிக் காட்டுங்கோவன்” என்றேன்.

எஞ்சினை நிறுத்த அவர் கை கார்த் திறப்பு வரை போனது.

“எனக்கு வேலை கிடக்கு, வாறன்” என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிறுத்தியிருந்தால் அது திரும்ப ஓடியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.