ஹூபெர்ட்டின் மரியாதை

காலிக் கிளாஸைக் கண்டால் ஹூபெர்ட்டுக்கு ஆகாது. கடைசி மிடறு தொண்டையில் இறங்கும் முன்பே அடுத்த பீரை வைத்து, கிளாஸுக்கடியில் கிடக்கும் அட்டையில் கணக்குக்காகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். வேண்டுமா என்று கேட்கிற பழக்கமெல்லாம் கொலோன் நகரத்து மதுக்கூடங்களில் கிடையாது. போதும் என்பவர்தான் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸை மூடிவைக்க வேண்டும். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் மூடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொருகும் நேரத்தில், "நாங்க கேக்கவே இல்லையே" என்பார்கள்.

"கேக்கலதான். குடிக்காம இருந்தியா?" என்பார் ஹூபெர்ட்.

நீல மேலாடை, இடுப்பில் தோல்பை, நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டு, அதன் குழிகளில் நுரை ததும்பும் சின்னச் சின்னக் கிளாஸ்கள். பெருத்த உடம்பு. ஆனாலும் சனிக்கிழமை நெரிசலில் அவருடைய முழங்கை யார் மேலும் பட்டதில்லை. நாக்குப் படாத ஆள்தான் இல்லை. பேராலயக் கோபுரத்தில் ஏறி இறங்கி மூச்சிரைக்க வருகிறவரிடம், "அவ்வளவு உசரம் ஏறி என்னத்தப் பாத்த? எங்க கடைதானே தெரிஞ்சுது? நேரா இங்கயே வந்திருக்கலாம்ல" என்பார். உணவுப் பட்டியலில் 'அரைச் சேவல்' என்று ஒன்று இருக்கிறது. வருவதென்னவோ கருத்த ரொட்டியும் சீஸும்தான். சேவல் எங்கே என்று கேட்டால், "பறந்துடுச்சு. ரொட்டியையாவது கெட்டியாப் பிடிச்சுக்க" என்று பதில் வரும். வசவு வாங்கிய மேசைகள்தான் அங்கே சந்தோஷமான மேசைகள்.

அவர் குரல் தணிகிற சமயமும் உண்டு. எவனாவது குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால், பக்கத்து மேசைப் பெண்ணைச் சீண்டினால், ஹூபெர்ட் அவன் முன்னால் போய் நின்று, "ஐயா, தங்களுக்கு இன்னும் ஏதாவது தேவைப்படுமா?" என்று கேட்பார். அவ்வளவுதான். வாடிக்கைக்காரர்களில் ஒருவர் எழுந்து அந்த ஆளின் கோட்டை எடுத்துவந்து நீட்டிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் மகள் ஸ்வென்யா வந்து நின்றாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற ஹென்ட்ரிக்கின் பெற்றோர் ஹனோவரிலிருந்து வருகிறார்கள். காலையில் பேராலயம், மத்தியானம் ரைன் நதியில் படகு, சாயங்காலம் சாப்பாடு.

"அவங்க ரொம்ப மரியாதை பாக்கறவங்கப்பா. ஒரே ஒரு நாள் உங்க வாயக் கட்டிவைங்க."

"அப்ப வேற கடைக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"உங்களப் பாக்கத்தானேப்பா வர்றாங்க! அவங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

ஹூபெர்ட் அன்றிலிருந்து சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து 'தயவுசெய்து' சொல்லிப் பழகினார்.

சனிக்கிழமை வந்தது. ஹனோவரிலிருந்து வந்த விட்டே தம்பதியை ஸ்வென்யாவும் ஹென்ட்ரிக்கும் அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். ஹூபெர்ட் மேசையருகே வந்து தலை தாழ்த்தினார். "வணக்கம் அம்மா. தங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்? தயவுசெய்து சொல்லுங்கள்."

பக்கத்து மேசை அடங்கியது. அதற்கடுத்த மேசையும் அடங்கியது. பழைய டிராம் ஓட்டுநர் லோத்தர் பெருமூச்சோடு எழுந்துபோய், கொக்கியில் தொங்கிய திருமதி விட்டேயின் கோட்டை எடுத்துவந்தார்.

"போட்டுக்கங்கம்மா. வெளிய குளிருது."

"நாங்க இப்பத்தானே வந்தோம்?"

"அவனே மரியாதையாக் கேட்டுட்டான். அப்படி என்னதான் பண்ணினீங்களோ, பாவம்."

"டேய் லோத்தர், உக்காருடா! அவங்க என் சம்பந்திங்க!"

"சம்பந்திகிட்டயாடா இப்படிப் பேசுற?"

கூடம் சிரித்தது. ஹென்ட்ரிக் அம்மாவின் காதில் ஏதோ விளக்கினான். திரு. விட்டே மேசையின் மரக்கோடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமதி விட்டே கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஸ்வென்யாவின் காதுமடல் சிவந்துபோயிருந்தது.

"எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி போதும்" என்றார் திருமதி விட்டே.

சிரிப்பு நின்றது. பீர் காய்ச்சுகிற கடையில் வந்து தண்ணீர் கேட்பவர்களை ஹூபெர்ட் சும்மா விட்டதில்லை. அவர் மகளைப் பார்த்தார். சம்பந்தியம்மாள் மடியிலிருந்த கோட்டைப் பார்த்தார். உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு சோப்புக் கட்டி, மடித்த வெள்ளைத் துண்டு. மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்தார்.

"குளிச்சு முடிச்சதும் கூப்பிடு. பீர் கொண்டாறேன்."

ஸ்வென்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

திருமதி விட்டே சோப்பை எடுத்து மோந்து பார்த்தார். கோட்டை லோத்தரிடம் நீட்டினார். இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கை வரை சுருட்டிவிட்டு, விரல்களைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட ஹூபெர்ட்டுக்கு நேராக நீட்டினார்.

"தொடச்சுவிட ஆள் இல்லியா இந்தக் கடையில?"

ஹூபெர்ட் தட்டைக் கீழே வைத்தார். துண்டை உதறி விரித்து, இரண்டு கைகளிலும் ஏந்திப் பிடித்தார்.