கண்ணாடி மேல் போட்ட துணி

கண்ணாடியில் முதல் தடவை எழுத்து வந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. எஸ்டேட் லயத்து வரிசையில் அடுத்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு எங்களோடு சாப்பிட்ட என் அண்ணன். தானா ராத்தா டவுனில் கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சான், மனைவியின் தம்பி. வேறு யாரும் இல்லை.

நான் தேயிலை பேக்டரியில் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறவன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. தேவை வந்தது, அந்தக் கண்ணாடியைச் செய்தேன்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து கை கால் அசைவு திரும்பிவிட்டது. ஞாபகம் திரும்பவில்லை. பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. விட்டால் மறுபடியும் வரும், அடுத்த தடவை பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வேலைக்குப் போனால் அவள் மறந்துவிடுவாள். போன் போட்டுச் சொல்வேன். மெஷின் சத்தத்தில் சில நாள் எனக்கே மறந்துவிடும். தாளில் எழுதி ஒட்டினேன். இரண்டே நாளில் அதுவும் சுவராகிவிட்டது, அவள் கண்ணில் படவில்லை. ஆனால் காலையில் தலை வாரவும் சாயங்காலம் முகம் கழுவிப் பொட்டு வைக்கவும் கண்ணாடி முன்னால் நிற்பாள். அது மட்டும் மறக்கவில்லை.

மச்சான் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்தான். வெறும் பச்சைத் தகடு. ரிங்லெட் டவுனில் பழைய சாமான் கடையில் ஸ்கிரீன் வாங்கினேன். கண்ணாடித் தகட்டில் காருக்கு ஒட்டும் பிலிமை ஒட்டி ஸ்கிரீனுக்கு முன்னால் வைத்தேன். இருட்டான இடத்தில் முகம் தெரியும். வெள்ளை எழுத்து வரும் இடத்தில் எழுத்து தெரியும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அடித்தேன். பனியில் உள்ளே ஈரம் கட்டாமல் இருக்கப் பின்னால் ஓட்டை போட்டேன். காலையும் சாயங்காலமும் எழுத்து வரக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதை வீடியோ பார்த்து ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக அடித்தேன். அர்த்தம் தெரியாது. ஒரு புள்ளி விட்டாலும் ஓடாது. ஓடியபோது தமிழ் வரவில்லை, வெறும் கட்டங்களாக வந்தன. அதை மச்சான் சரி செய்தான்.

அன்றைக்குத்தான் வந்தது: மாத்திரை போடு.

அவள் சத்தமாகப் படித்தாள். டப்பாவை எடுத்தாள். போட்டாள்.

அண்ணன் சிரித்தார். "நீ ஏற்கெனவே பேசமாட்ட. இனி அதுவும் தேவையில்ல லா. பொண்டாட்டிகிட்ட கண்ணாடி பேசிக்கும்."

அது போலவே நடந்தது. போன் போடுவதை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்தும் கேட்பதில்லை. பத்து நாளுக்கு ஒரு தடவை டப்பாவில் இருபது மாத்திரை போட்டு வைப்பது மட்டும் என் வேலை.

நான்கு மாதம் தவறவில்லை.

ஒரு நாள் காலையில் டப்பாவை நிரப்பினேன். என் முன்னால்தான் அவள் அதிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டாள். மத்தியானம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. உடலை எங்கள் வீட்டில் கிடத்தினோம். கொள்ளி நான் வைத்தேன்.

சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவது எங்கள் லயத்துப் பழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் திறப்போம். வெள்ளைத் துணி எடுத்து நானே மூடினேன். அந்த நேரம் அது எனக்கு வெறும் கண்ணாடி.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அதன் முன்னால் போய் நின்றாள். துணியின் ஓரத்தைப் பிடித்தாள்.

"ஏங்க, இதுல எனக்கு என்னமோ இருக்கும்ங்க."

"துணிய தொடாத," என்றேன். "பதினாறு முடியட்டும்."

கையை எடுத்துவிட்டாள். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் காலையில் பேக்டரிக்கு ஆள் வந்தது. அடுப்படியில் விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் போய்விட்டாள்.

அவளுக்குக் கட்டச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மச்சானும் வந்தான். மணி ஆறு. துணிக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. மச்சான்தான் துணியை இழுத்தான்.

மாத்திரை போடு.

டப்பாவைப் பாய் மேல் கவிழ்த்தேன். எண்ணினேன். மச்சான் மறுபடியும் எண்ணினான்.

பத்தொன்பது.