ஜீரோவுக்கு வைத்த பொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நடந்தது இது. நடந்தது என்று சொன்னால் ஏதோ தானாக நடந்துவிட்டது போல் ஆகிவிடும். நான் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கடலூர் முதுநகரில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் எனக்கு இருபது வருட வேலை. ஒரு முடி அளவு பிசகினாலும் பல் வாயில் உட்காராது. அதனாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் எங்கே கோணல் என்றுதான் என் கண் முதலில் தேடும். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் சாய்ந்திருந்தால்கூட நிமிர்த்திக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் பந்திக்குப் போவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். லீவு நாளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, ஷோகேஸில் வைப்பது என் பொழுதுபோக்கு. அதையும் அவள் வியாதியில்தான் சேர்த்திருந்தாள்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், குமராட்சி பக்கம் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். நாற்பது வயது முடிவதற்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்காகவே மனைவியோடு சிதம்பரத்துக்குக் குடிவந்துவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்த கை அது. இப்போது இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்தும் நரம்பு இருப்பதால் ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது. வலது கையில் நடுக்கம். சட்டைப் பட்டனை அவன் மனைவி போட்டுவிடுவாள். தண்ணீரை அளந்து கொடுப்பாள். வீட்டுக்கு வருகிற நாங்களெல்லாம், "நீ உக்காரு, நீ உக்காரு" என்று சொல்லியே அவனை ஒரு நாற்காலியில் அறைந்து வைத்திருந்தோம். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அவனைப் பார்க்கப் போவேன். பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். பிறகு இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அவஸ்தை தாங்காமல்தான் ஒரு ஞாயிறு விமானப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் ஓட்டிய சண்டை விமானம். ஒட்டி முடித்தால் ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

"பேரு என்ன மாமா?"

"ஜீரோ."

"நல்ல பேருதான். என் கிட்னியும் அதே மார்க்குதான வாங்கியிருக்கு" என்று சிரித்தான். பல மாதங்கள் கழித்து அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்பே, உள்ளே இருக்கும் சீட், விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக், மீட்டர் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து முடித்துவிட வேண்டும். மூடிய பிறகு தூரிகை உள்ளே நுழையாது. இதைச் சொன்னதும் மச்சானுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப டிரைவர் சீட்டுதான் மொதல்ல. கரெக்டு மாமா. பஸ்ஸுக்கு பாடி கட்றவனுங்க கடைசியா சீட்ட சொருவுவானுங்க, ஓட்றவன் முதுவு போயிரும்."

விமானியின் பொம்மையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவுரு வூட்டுக்குத் திரும்பி வந்தாரா மாமா?"

"நெறைய பேரு வரல மச்சான்."

பொம்மையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தான். சீட்டு காலியாகவே இருக்கட்டும் என்றான். அப்படியே மூடி ஒட்டினோம்.

ஐந்தாறு ஞாயிறு இப்படிப் போயிற்று. ஒட்டுவதெல்லாம் நான், பிடித்துக்கொள்வது அவன். மேலே பச்சை, அடியில் சாம்பல். கடைசியாக ஜப்பானின் சிவப்பு வட்டம் வர வேண்டும். இறக்கைகளின் மேல் இரண்டு, கீழ் இரண்டு, உடம்பின் பக்கத்துக்கு ஒன்று, ஆக ஆறு. பெட்டியோடு வந்த ஸ்டிக்கரை நனைத்து ஒட்டுவதற்காகத் தண்ணீரில் போட்டேன், துண்டு துண்டாக நொறுங்கிவிட்டது. முதுநகரின் உப்புக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டி. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"இதுக்கா மாமா? நான் போடுறேன். ஆயுத பூஜைக்கு வருசா வருசம் என் வண்டிக்குப் பொட்டு வச்சவன் நானு. க்ளீனரத் தொட விட்டதில்ல."

எனக்குத் தயக்கம். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"எல்லாத்தையும் எனக்கு யாராச்சும் செஞ்சிதான் குடுக்குறாங்க மாமா. இத ஒண்ண நானா முடிக்கிறேன்" என்றான். கெஞ்சுவது போல் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நேரத் தகராறு வந்தால் ஊரே கேட்கும்படி கத்துகிறவன் அவன்.

சிவப்பு டப்பாவையும் ஒரு தூரிகையையும் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வாரம் லேபில் வேலை ஜாஸ்தி, போக முடியவில்லை. அடுத்து நான் போனபோது விமானத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு போட்டானாம். துணியை எடுத்தான்.

ஆறும் கோணல். ஒன்று முட்டை மாதிரி நீண்டிருந்தது. ஒன்றின் ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருந்தது. உடம்பின் இடது பக்கத்தில் ஒரு சொட்டு வால் வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது.

"எப்படி மாமா?"

"நல்லா இருக்கு மச்சான்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வார்னிஷ் அடிக்கணும், நான் எடுத்துட்டுப் போறேன்" என்றும் சொன்னேன். அப்போது நிஜமாகவே வார்னிஷ் அடிக்கத்தான் நினைத்தேன். இதை யாராவது நம்பினால் சரி.

வீட்டில் மேசை விளக்குக்கு அடியில் வைத்ததும் என் கண் தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்த முட்டையை என்னால் பார்க்கவே முடியவில்லை. ஒன்றை மட்டும் ஓரத்தில் சரிசெய்யலாம் என்று தின்னரில் பஞ்சைத் தோய்த்தேன். ஒன்று ஆறாயிற்று. பச்சையும் சேர்ந்து கையோடு வந்தது. அதையும் புதிதாக அடித்தேன். டேப்பில் காம்பஸ் வைத்து வட்டம் வெட்டி, ஒட்டி, சிவப்பை ஸ்பிரே செய்தேன். டேப்பை உரித்தபோது எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? மச்சான் பார்த்தால் அசந்துவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி, தட்டில் கிடந்த சிவந்த பஞ்சுகளைப் பார்த்தாள்.

"அவன் வச்ச பொட்ட ஏங்க அழிச்சீங்க?"

"பொட்டு இல்லடி, அது ஜப்பான் அடையாளம்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு விமானத்தை அவன் மடியில் வைத்தேன். மேலே பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். பிறகு மெல்லக் கவிழ்த்து, இறக்கைகளின் அடியில் பார்த்தான். அங்கேயாவது ஒன்றை விட்டுவைத்திருப்பேனா என்று தேடியிருக்கிறான்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கு மாமா" என்றான். மேசையில் வைத்துவிட்டு மனைவியிடம், "டிவிய போடு" என்றான்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரம் வாய் வரவில்லை. அடுத்த வாரம் கேட்கலாம் என்று விட்டேன், அடுத்த வாரமும் அதே கதை. சமாதானம் செய்வதாக நினைத்து இன்னொரு விமானப் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். "நீங்களே செய்ங்க மாமா. உங்க கைக்குத்தான் வரும்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

தை மாதம் அவன் போய்விட்டான். டயாலிசிஸுக்குப் போன இடத்திலேயே.

காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அவன் மனைவி விமானத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"நீங்களே வச்சிக்குங்கண்ணா. அவரு இத அப்புறம் பாக்கவே இல்ல."

பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த வட்டங்களைப் போடுவதற்கு முன் ஒரு வாரம் பழகினானாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்றும் விடவில்லையாம். கடைசித் தாளில் ஓரளவு வந்துவிட்டது என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினானாம்.

"அந்தத் தாளெல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க புதுசா அடிச்சிக் கொண்டாந்த அன்னைக்கே கிழிச்சிப் போட்டுட்டாருண்ணா."

ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, அவர்களும் சரி, நானும் சரி. கோணலாக இருப்பதைப் போட்டோ எடுக்கிற ஆள் இல்லையே நான்.

போன வருடம் ஒருநாள், லேபுக்கு லீவு போட்டுவிட்டு, அதே சிவப்பையும் அதே தூரிகையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் அவன் போட்ட மாதிரி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். வட்டமாக வந்தது. கையை வேண்டுமென்றே ஆட்டிப் போட்டேன், பொய் என்று பார்த்ததுமே தெரிந்தது. இடது கையால் போட்டேன். அது என் இடது கை போட்ட வட்டம், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நாற்பது ஐம்பது தாள் தீர்ந்துவிட்டது. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாள்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விமானம் இப்போது எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். "எப்படிங்க இவ்வளவு சுத்தமா வட்டம் வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். நான் ஏதாவது சாக்கு சொல்லி உள்ளே போய்விடுவேன். ஆறு வட்டங்களிலும் ஒரு குறை சொல்ல முடியாது. என் மச்சான் கடைசியாகத் தன் கையால் முடித்த வேலை அவற்றுக்கு அடியில் எங்கேயும் இல்லை என்பது ஒவ்வொரு முறையும் என் கண்ணுக்குத் தெரிகிறது.