தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள்

சாந்தோம் கரையில் மீன் ஏலம் கூவுகிறவன் எழுதுகிறேன். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இதை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு மாதமாகக் குரல் கம்மிப்போய், இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், வலிக்காது. கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான்.

முதலில் கசப்பு மருந்தைப் பீச்சித் தொண்டையை மரத்துப்போக வைத்தார்கள். டாக்டர் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை, மூச்சு பட்டு மங்காமல் இருக்க விளக்கில் சூடுகாட்டி, தன் கையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்தார்.

“இருவது வருசமா என்னால அடக்க முடியாத நாக்கு சார். கெட்டியா புடிச்சிக்கோ,” என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு, “ஈன்னு சொல்லுப்பா,” என்றார்.

சொன்னேன். காற்றுதான் வந்தது.

“குரல் தர்ற நரம்பு ரெண்டுல ஒண்ணு அசையவே இல்ல. இனிமே கத்துற வேலை ஆகாது,” என்றார்.

“மருந்து இன்னா கீது சார்?” என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாளைக் காலையில் கட்டுமரம் வந்துவிடும். ஏலம் கூவ ஆள் வேண்டும். இத்தனை நாளும் என்னை வாயை மூடச் சொன்ன மகராசர்கள் கீழே பேர் எழுதுங்கள்.